கரையில் விட்ட இடைவெளி

மாப்பிள்ளைகள் மேல் எனக்குப் பொதுவாக வருத்தம் கிடையாது. ஒரே மகள், வாய்த்தது ஒருவர்தான்.

அணை அலுவலகத்தில் வெள்ளக் கணக்குப் போடுவது என் வேலை. அணை உடைந்தால் தண்ணீர் எங்கே, எவ்வளவு உயரம் வரும் என்று கம்ப்யூட்டரில் முன்கூட்டியே பார்ப்பது. முப்பது வருடமாக நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் போட்டேன். என் கட்டத்துக்குள் கொசு கால் நனைத்தாலும் கணக்கில் ஏறிவிடும். பிறகு மாப்பிள்ளை எனக்கே மேலதிகாரியாக வந்தார். கட்டமே வேண்டாமாம். தண்ணீரை இருபது லட்சம் துளிகளாக வைத்துக்கொள்வார்களாம். ஒவ்வொரு துளியும் பக்கத்துத் துளிகளைப் பார்த்து, அவை தள்ளுகிற பக்கம் நகருமாம். அவர் பதவிக்கு வந்த விதமும் அதுதான் என்பதால் அவருக்குச் சுலபமாகப் புரிந்தது.

“கட்டம் போட்ட சட்டையோட நிறுத்திக்குங்க மாமா, தண்ணிக்குப் போடாதீங்க” என்றார், எல்லோர் முன்னாலும். சிரித்தார்கள். அங்கே சிரிப்பதுகூடப் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துத்தான்.

எனக்குக் கம்ப்யூட்டருக்குள் கரை கட்டும் வேலை கொடுத்தார். அந்த முறையில் கரையும் துளிகள்தான். நெருக்கி வைத்தால் தண்ணீர் நிற்கும். வேகமாக வரும் துளி சில சமயம் இடுக்கில் புகுந்து வெளியே போய்விடும். அதை என்ன செய்வது என்று கேட்டேன்.

“ஓடிப்போனத அழிச்சிடுங்க மாமா, எல்லாரும் அதான் பண்றாங்க.”

எத்தனை அழித்தோம் என்று எண்ணும் வழக்கம் அங்கே யாருக்கும் இல்லை. ஆகவே கரைத் துளிகளைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி வைத்தேன். பாதித் தண்ணீர் ஓடிப்போயிற்று. அழித்தேன். அணைக்குக் கீழே கட்டவிருந்த ஊழியர் குடியிருப்பில் வெள்ளம் கணுக்காலைத் தாண்டாது என்று விடை வந்தது. மிச்சத் துளிகளை மாப்பிள்ளை ஒரு தடவை எண்ணியிருந்தால் நான் மாட்டியிருப்பேன். படத்தில் நீலம் அழகாக இருக்கிறது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் என் பழைய கட்டத்தில் போட்டுப் பார்த்தேன். கூரைக்கு மேல் ஓர் ஆள் உயரம். அந்தத் தாளை மடித்து அலமாரியில் வைத்தேன்.

தன் கணக்கில் தனக்கிருக்கும் நம்பிக்கையை ஊருக்குக் காட்ட, குடியிருப்பில் முதல் வீட்டை மாப்பிள்ளை தானே எடுத்துக்கொண்டார். மகளும் கூடப் போனாள்.

போன வாரம் அணை உடைந்தபோது நல்ல வெயில். அவர் மேட்டில் உள்ள அலுவலகத்தில், யாருக்கோ படம் காட்டிக்கொண்டிருந்தார். கீழே பதினோரு வீட்டிலும் யாரும் மிஞ்சவில்லை. குடியிருப்பை ஒட்டிய பாறையில் நின்ற தண்ணீர்க் கறையை நானே போய் அளந்தேன். என் கணக்கில் நாலு விரற்கடைதான் வித்தியாசம்.

மகளிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொன்னேன் ஐயா. “மழை முடியற வரைக்கும் அப்பாகூட இரும்மா, அந்த வீட்ல ஈரம் ஜாஸ்தி” என்றேன். “ஈரம்னா துடைச்சுக்கலாம்ப்பா” என்று சிரித்துவிட்டுப் போனாள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எனக்குப் பிறந்தும் அவ்வளவு சொன்னது போதவில்லை என்றால், ஒரு தகப்பன் வேறு என்னதான் செய்ய முடியும்?