மடிக்கு வந்த மரத்துண்டு

“என் நாய் தடத்தை விட்டு ஒரு அடி விலகலை, டாக்டர்...”

“விலகுச்சுன்னு யாரும்மா சொன்னா? கடைசித் துண்டை வாயில கவ்வி...”

“அது கவ்வாது! கத்துக்கொடுத்தவ நான் சொல்றேன்...”

“நான் பாத்தேன், நடுவர் பாத்தார், ஊரே பாத்துது. கவ்வி எடுத்துட்டுப் போயி உங்க அக்கா மடியிலேயே...”

என் தங்கையும் பல் டாக்டரும் இப்படி மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நான் பிளாஸ்க் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உடனே துடைக்காவிட்டால் ரப்பரில் வாடை தங்கிவிடும்.

நடந்ததை எழுதித் தரும்படி நம் நாய்ப் பயிற்சிச் சங்கம் கேட்டிருக்கிறது. சங்கத்தின் செயலாளரான அந்தப் பல் டாக்டர் சுருக்கமாக எழுதச் சொன்னார். யார் என்ன சொன்னார்கள் என்று எழுதாமல் எனக்கு எதையும் எழுத வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சங்கத்துக்கு வந்த புதியவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தடப் போட்டி பார்க்க எளிது. உழுத வயலில் ஒருவர் அறுநூறு அடி நடந்து, இரண்டு இடத்தில் திரும்பி, வழியில் மூன்று துண்டுகளைப் போட்டுவிட்டுப் போவார். முதலில் கம்பளி, பிறகு தோல், கடைசியில் மரம். ஒரு மணி நேரம் கழித்து நாய் அந்தக் காலடி வாசனையை மோந்துகொண்டே போக வேண்டும். நாய்க்காரர் நீளக் கயிற்றைப் பிடித்துப் பின்னால் போவார். தடம் எங்கே போகிறதென்று அவருக்குத் தெரியாது. காற்று திரும்பும், முயல் குறுக்கே போயிருக்கும், மண் காய்ந்து வாசனை பறந்திருக்கும். இதையெல்லாம்விட மோசமான இடைஞ்சல் நாய்க்காரரின் சந்தேகம்தான். நாய் சரியாகப் போகும்போதே “இந்தப் பக்கம் இல்லையோ” என்று கயிற்றைச் சுண்டிவிடுவார்கள். என் தங்கை சுண்டமாட்டாள். அவளுக்கு யார்மேலும் சந்தேகம் வராது. அது அவளுடைய பெரிய குணம்.

துண்டைக் கண்டதும் நாய் அதை எடுக்கலாம், அல்லது அதன்முன் படுக்கலாம். எது என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்; மாற்றிச் செய்தால் தோல்வி. தங்கை ‘படுக்கும்’ என்று எழுதிக் கொடுத்திருந்தாள். தன் நாய் மூக்கனைப் படுக்கவைக்க அவளுக்கு ஒரு வருடம் பிடித்தது.

எடுக்கவைக்க எனக்கு நான்கு மாதம் போதுமாயிருந்தது. பல் டாக்டர் தன் குறிப்பில் நான் நாயை ‘கெடுத்துவிட்டதாக’ எழுதியிருக்கிறார். அதைத் திருத்த வேண்டும். நான் அடித்ததில்லை, அதட்டியதில்லை. தங்கை காலையில் மருந்துக்கடை வேலைக்குப் போனதும் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மரத்துண்டைப் போடுவேன். எடுத்து வந்து மடியில் வைத்தால் பையிலிருந்து வேகவைத்த ஈரல் ஒரு துண்டு. அவ்வளவுதான். கம்பளியையும் தோலையும் நான் தொடவே இல்லை. அறுநூறு அடியில் ஐந்நூற்றுத் தொண்ணூறு அடிக்காவது அவள் சந்தோஷமாக இருக்கட்டும் என்பதில் நான் கவனமாக இருந்தேன்.

ஏன் என்று கேட்டீர்கள். மூன்று வருடம் முன்பு அதே சமையலறையில் நடந்த பேச்சு இது.

“தடப் போட்டியில உயர்நிலைப் பட்டம் மட்டும் கைக்கு வந்துட்டா, நானும் மூக்கனும் பொண்ணு வீட்டுக்கே போயிடறோம்க்கா.”

“போயி?”

“அங்கேயே இருந்துடறதுதான். அப்புறம் இங்க என்ன இருக்கு?”

நான் சுற்றிப் பார்த்தேன். அடுப்பு இருந்தது, இரண்டு நாற்காலி இருந்தது, நான் இருந்தேன்.

என் யோசனை முழுக்க அவளைப் பற்றித்தான். மகள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இவள் முட்டி ஏற்கெனவே தகராறு. மாப்பிள்ளைக்கு நாய் முடி பட்டால் தும்மல். இதையெல்லாம் எடுத்துச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் அவள் மனசு சங்கடப்படும்.

நீங்கள் இந்த வருடத்தைப் பற்றி மட்டும்தான் கேட்டீர்கள். கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். போன வருடத்துக்கு முந்தின வருடம் மூக்கன் முதல் திருப்பத்திலேயே படுத்துத் தூங்கிப்போனானே, அன்று அவன் காலையில் இரண்டு முறை சாப்பிட்டிருந்தான். ஒன்று தங்கை வைத்தது. போன வருடம் நான் வேறொருவர் நாய்க்குத் தடம் போட்டுவிட்டுத் திரும்பும்போது, குறுக்கு வழி என்று தங்கையின் தடத்தின் மேலேயே நடந்து வந்தேன். காலில் இருந்தது பக்கத்து வீட்டுப் பூனை ஒரு வாரம் படுத்துக் கிடந்த பூட்ஸ். “பாவம், மூக்கனுக்கு மூக்கு மழுங்கிடுச்சு போல” என்று அன்று தங்கையிடம் சொன்னதும் நான்தான். அவள் அழுதாள். நான் சூடாக டீ போட்டுக் கொடுத்தேன்.

இந்த வருடம்தான் கடைசி வாய்ப்பு. மூக்கனுக்கு ஒன்பது வயது. அடுத்த வருடம் இடுப்பு தாங்காது என்று கால்நடை மருத்துவர் சொல்லிவிட்டார்.

அன்று மூக்கன் போனதை நீங்கள் பார்த்தீர்கள். அப்படியொரு தடத்தை நான் பார்த்ததில்லை. கம்பளியில் படுத்தான். தோலில் படுத்தான். முயல் வளையைத் தாண்டும்போது காதுகூட அசையவில்லை. மரத்துண்டுக்கு முன்னால் நின்று தலை குனிந்தான். நாய் துண்டைக் கண்டுவிட்டது என்று நடுவருக்குக் காட்டத் தங்கை வழக்கம்போலக் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் தூக்கினாள். அவள் முகம் இருந்த இருப்பை நான் வயலோர நாற்காலியிலிருந்தே பார்த்தேன். அந்த முகத்தை மறந்துவிட்டு எழுதுவதாக நினைக்க வேண்டாம்.

அவன் எடுப்பான், அத்தோடு போகும் என்றுதான் எதிர்பார்த்தேன். என் பிழை அங்கேதான். சமையலறை வேறு, வயல் வேறு என்பது நமக்குத்தான். நாய்க்கு மடி இருந்தால் போதும். துண்டைக் கவ்விக்கொண்டு நடுவரைத் தாண்டி, டீ மேசையைத் தாண்டி, நேராக என்னிடம் வந்தான். அவன் மடியில் வைத்ததும் என் கை தானாகப் பைக்குள் போனது.

பையில் ஈரல் இருந்தது.

“போட்டிக்கு எதுக்கும்மா ஈரல் எடுத்துட்டு வந்தீங்க?” என்று பல் டாக்டர் கேட்டார். பழக்கதோஷம் என்றேன். இன்றுவரை எனக்கு அதைவிட நல்ல பதில் கிடைக்கவில்லை.

வீடு திரும்பும்போது காரில் தங்கை கேட்டாள்.

“ஏன்க்கா?”

“உன் முட்டிக்காகத்தான்.”

“என் முட்டி உங்கிட்ட வந்து சொல்லுச்சா?”

பின்சீட்டில் மூக்கன் வாலை ஆட்டினான்.

“நீ எழுதிக் கொடு. வெளியாள் தலையீடுன்னு நிரூபணமானா மூணு வாரத்துல மறுபோட்டி வெப்பாங்களாம்.”

வெளியாள் என்ற சொல்லை விதிப்புத்தகத்திலிருந்துதான் எடுத்தாள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சிவப்பு விளக்கு இரண்டு மாறும்வரை நான் வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆகவே எழுதிவிட்டேன். மூன்று வருடமும் என் தங்கையைத் தோற்கடித்தது நான்தான். நாய்மேல் ஒரு குற்றமும் இல்லை. அவளுக்கு மறுபோட்டி தாருங்கள். அவள் ஜெயிக்க வேண்டும் என்பதே என் ஆசையும். எப்போதும் அதுதான் என் ஆசை.

உறையில் போடுமுன் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். மூன்று வாரத்துக்குள் மூக்கன் மறுபடி மரத்துண்டின் முன் படுக்கப் பழக வேண்டும். அவனுக்கு என் சொல் சட்டென்று பிடிபடும் என்பது நிரூபணமான விஷயம். இன்று காலையில் கறிக்கடைக்குப் போய் அரைக்கிலோ ஈரல் வாங்கி வைத்திருக்கிறேன். தங்கை இப்போது அவனைத் தன் அறையிலேயே வைத்துக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். சற்றுமுன் கதவருகே போய் நின்றேன். உள்ளே மூக்கனின் வால் தரையில் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு யாரோ அதைப் பிடித்து நிறுத்தியதுபோல நின்றது.

“நாளைக்கு நீ நிம்மதியா வேலைக்குப் போயிட்டு வா. காலையில மூக்கனை நான் பாத்துக்கறேன்” என்றேன்.