மேடையோரத்துக் குத்துக்கல்

நாற்காலி வேண்டாம், இன்ஸ்பெக்டரம்மா. நாற்காலியில் உட்கார்ந்தால் எனக்கு அரை மணியில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். தரையிலேயே உட்கார்ந்துகொள்கிறேன். ஒரு முழங்காலைக் கிடத்தி ஒன்றை நிமிர்த்தி இப்படி உட்கார்ந்துவிட்டால் சாயங்காலம் வரைக்கும் பேசுவேன். தேநீரை இந்த வலது முழங்காலுக்குப் பக்கத்தில் வையுங்கள். கை எட்டுகிறது, போதும்.

உள்ளே விட்டதற்கு நன்றி. கனாசவாவில் மழை பெய்யாத நாள் எது, அதற்காக இன்றைக்கு இப்படியா கொட்ட வேண்டும். வாசலில் இருந்த காவலர், "பெரியவரே, அது விபத்துன்னு எழுதி முடிச்சாச்சு. வீட்டுக்குப் போயி சூடா ஏதாச்சும் சாப்பிட்டுப் படுங்க" என்று என்னைத் திருப்பி அனுப்பத்தான் பார்த்தார். நல்ல மனிதர். ஆனால் தவறாக எழுதி முடித்துவிட்டீர்கள். முரோய் கென்ஸோ தவறி விழவில்லை. நான் விழவைத்தேன். இவாகி ஷிங்கோ என்று என் பெயரைப் போட்டு அதைத் திருத்தி எழுதிக்கொடுத்தால் கிளம்பிவிடுவேன். அதாவது, நீங்கள் எங்கே அனுப்புகிறீர்களோ அங்கே.

"நீங்க அசையவே இல்லைன்னு அரங்கம் முழுக்க சாட்சி சொல்லுதேங்கய்யா" என்று வாசலிலேயே கேட்டீர்கள். அங்கேதான் சிக்கல்.

நோ என்கிற எங்கள் முகமூடி நாடகத்தை நீங்கள் பார்த்தது பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனபோது ஒரே தடவை, அதிலும் தூங்கிவிட்டதாகச் சொன்னீர்கள். வெட்கப்பட வேண்டாம். பணம் கொடுத்து வருகிறவர்களே தூங்குகிறார்கள். மேடையிலிருந்து எனக்கு எல்லாம் தெரியும். எனக்கு வேறு வேலையும் இல்லை.

என் வேஷத்துக்கு வாகி என்று பெயர். பெரும்பாலும் ஊர் ஊராகப் போகும் துறவி. முதல் ஆளாக மேடைக்கு வந்து, இன்ன ஊர்த் துறவி நான் என்று சொல்லிவிட்டு, ஓரமாகப் போய் உட்கார்வேன். பிறகு நாயகன் வருவார். கிழவனாக வந்து பேசுவார், உள்ளே போவார், உடை மாற்றுவார், ஒரு வாய் தண்ணீர் குடிப்பார், ஆவியாகத் திரும்பி வந்து ஆடுவார். அவ்வளவு நேரமும் நான் மேடையில் உட்கார்ந்திருப்பேன். தண்ணீர் கிடையாது. இருமக் கூடாது. மூக்கு அரித்தால் அது பாட்டுக்கு அரித்துக்கொண்டிருக்கும். நாயகர்கள் குடும்பம் வேறு, எங்கள் குடும்பம் வேறு. ஓரத்தில் பிறந்தவன் நடுவுக்குப் போக முடியாது. அவர்களுக்கு முகமூடி உண்டு. எங்களுக்குச் சொந்த முகம்தான், அதையும் அசைக்கக் கூடாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நாலு பேர் நம்மைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிற ஆளே இல்லை நான்.

நாயகர் முரோயோடு இருபது வருஷத்துக்கு மேல் மேடையேறியிருக்கிறேன். போன குளிர்காலத்தில் வெந்நீர் ஊற்றில் குளிக்கப் போனபோது அவர் எதிரே வந்தார். என்னைப் பார்த்து, "தம்பி, இன்னொரு துண்டு கொண்டாப்பா" என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன். பிறகு நானும் தண்ணீரில் இறங்கி ஓரமாக உட்கார்ந்தேன். அப்புறம்தான், "அட, இவாகியா! உக்காந்தாத்தான்யா உன்னை அடையாளம் தெரியுது" என்று சிரித்தார். அவர் மேல் தப்பில்லை. முகமூடியில் கண்ணுக்கென்று இருப்பது இரண்டு சின்ன ஓட்டை. அதன் வழியே இத்தனை வருஷம் அவர் பார்த்தது என் முழங்காலை மட்டும்தான்.

அந்த ஓட்டைதான் விஷயமே. முகமூடி போட்டவருக்குத் தரை தெரியாது, மேடை விளிம்பு தெரியாது. மேடையின் மூலைத் தூண்களைப் பார்த்துத்தான் தான் எங்கே நிற்கிறோம் என்று கண்டுகொள்வார். ஆனால் இந்த முறை ஆட்டம் எங்கள் மேடையில் இல்லை, புதிய நகர மண்டபத்தில். அங்கே தற்காலிக மேடை போட்டார்கள். எதிரே மேற்கத்திய வாத்தியக்குழுவுக்கென்று வெட்டிய குழி, எங்கள் ஆட்டத்தில் அது காலி, ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே ஆழம். எங்களுக்குள் கூட்டு ஒத்திகை ஒரே ஒரு தடவைதான், அது பழைய வழக்கம். அன்றைக்கு மண்டப மேலாளர் தயங்கித் தயங்கி முரோயிடம் வந்தார்.

"ஐயா, முன்தூண் ரெண்டும் வேண்டாம்னு சொன்னீங்களாம். குழி வேற இருக்கு. ஆபத்தாச்சே."

"தூணை நட்டா பாதிப் பேருக்கு என்னைத் தெரியாதுய்யா. எனக்கு எதுக்குத் தூண்? அதான் இவாகி இருக்கான்ல, குத்துக்கல்லாட்டம் உக்காந்திருப்பான். அவன் முழங்கால் நேருக்கு வந்து, முன்னால ரெண்டு எட்டு வெச்சுத் திரும்பிருவேன். இத்தனை வருஷத்துல அவன் ஒரு நூலு நகந்ததில்ல."

"நகந்துட்டா?" என்று நான் கேட்டேன்.

"யாரு, நீயா?"

எல்லோரும் சிரித்தார்கள். மத்தளக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் சொன்ன ஒன்றுக்கு ஆட்கள் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கோபத்தில் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். கோபக்காரனால் இதைச் செய்ய முடியாது. துறவியின் அங்கிக்குள்ளே கால் பெருவிரலை ஊன்றி அழுத்தினால் உடம்பு ஒரு நெல்மணி அளவுக்கு நகரும். தலை ஆடாது, தோள் ஆடாது. மத்தளம் ஒவ்வொரு தடவை விழும்போதும் ஒரு நெல்மணி, சபையை நோக்கி. என் பக்கத்தில் பாடகர்கள் எட்டுப் பேர் வரிசையாக இருக்கிறார்கள். அவர்கள் நேர்ப் பார்வை தவிர வேறெதுவும் பார்க்கக் கூடாது. முரோய் உடை மாற்ற உள்ளே போயிருந்த இடைவேளையில் ஒரு கோமாளி வந்து கதை சொன்னான். ஜனங்கள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதனால் கொஞ்சம் தாராளமாகவே நகர்ந்தேன். அவர் கடலில் மூழ்கிய தளபதியின் ஆவியாகத் திரும்பி வந்தபோது நான் பழைய இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி இருந்தேன்.

என் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சிறந்த நடிப்பு அது. யாரும் பார்க்கவில்லை.

அவர் வந்தார். வாளை ஓங்கி, சுழன்று, என் முழங்காலைத் தேடினார். கண்டுபிடித்தார். முகமூடி லேசாகக் கீழே சாய்ந்து என்னைப் பார்த்தது. என்னை அவர் அவ்வளவு நம்பிக்கையாகப் பார்த்தது எனக்கு மனசுக்கு இதமாகவே இருந்தது. முன்னால் முதல் எட்டு வைத்தார். "நில்லுங்க" என்று ஒரு வார்த்தை மெதுவாகச் சொல்லியிருந்தால் போதும், நின்றிருப்பார். ஆனால் அந்த இடத்தில் வாகிக்கு வசனம் கிடையாது.

இரண்டாவது எட்டுக்குத் தரை இல்லை.

எங்கள் ஆட்டம் எதற்காகவும் நிற்பதில்லை, அது உங்களுக்கே தெரிந்திருக்கும். நாயகனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் முடித்துக்கொடுப்பதற்கென்றே பின்னால் ஒருவர் முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு அப்படி உட்கார்ந்திருந்தவர் தோபே. அவர் எழுந்து, சாதாரணக் கறுப்பு உடையிலேயே முன்னால் வந்து, முரோய் விட்ட இடத்திலிருந்து மீதியை ஆடினார். கீழே குழியில் கொஞ்ச நேரம் முனகல் கேட்டது, பிறகு கேட்கவில்லை. ஆவி சாந்தியடையத் துறவி கைகூப்பி வேண்டுகிற கட்டம் அடுத்து வந்தது. அன்றைக்கு நான் மனசாரவே வேண்டினேன், குரல்கூடக் கொஞ்சம் தழுதழுத்தது. அதையும் யாரும் கவனிக்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் குழிக்கு ஓடினார்கள். முதலில் கேட்ட கேள்வி, "முகமூடி என்னாச்சு?" அது பரம்பரையாக வந்தது, இன்னொன்று செய்ய ஆள் கிடையாது. முகமூடிக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதற்கு அடியில் இருந்தவரைத்தான் காப்பாற்ற முடியவில்லை.

மறுநாள் நீங்கள் விசாரித்தீர்கள். என் பக்கத்துப் பாடகர், "இவாகியா? அவரு மலை மாதிரி உக்காந்திருந்தாரு" என்று அடித்துச் சொன்னார். மேலாளரும் அதையே சொன்னார். ஒளிப்பதிவைப் பார்த்தீர்கள், அதில் படம் முழுக்க முரோய், ஓரத்தில் என் அங்கியின் கை கொஞ்சம். எல்லோரையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்ட நீங்கள் என்னை மட்டும் கேட்கவில்லை. நான் கூடத்திலேயேதான் காத்திருந்தேன். உங்கள் ஆள் ஒருவர் என் தோளில் தன் குடையைச் சாய்த்து வைத்துவிட்டுப் போனார்.

நேற்றுப் பத்திரிகையில் விமர்சனம் வந்தது. முரோயின் கடைசி ஆட்டத்தைப் பற்றிக் கண்ணீரோடு எழுதியிருக்கிறார்கள். தோபே எழுந்து நின்ற அந்தக் கணத்தை மறக்கவே முடியாதாம். மத்தளம் பிரமாதமாம். முகமூடிக்குத் தனியாக ஒரு பத்தி. நான் அதைப் படித்துவிட்டு இங்கே ஓடி வந்தேன் என்று நினைக்காதீர்கள். மனசாட்சிதான் உறுத்தியது. படித்து முடித்த பிறகு உறுத்தியது, அவ்வளவுதான்.

ராத்திரியில் பயமாக இல்லையா என்றும் கேட்டீர்கள். முரோயின் ஆவி வரத்தான் வரும், விட்டுவிடுவாரா என்ன. வந்து எதிரே நின்று தன் பெருமையை ஒரு மணி நேரம் பேசுவார். நான் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். எங்கள் இருவருக்கும் அது பழக்கம்தானே.

ஏன் பேனாவை மூடுகிறீர்கள்? "அதிர்ச்சில இருக்கீங்கய்யா, கூட இருந்தவரு போயிட்டா இப்படித்தான் தன்மேலயே பழியைப் போட்டுக்கத் தோணும்" என்கிறீர்கள். ஒரு மனிதன் இத்தனை பேர் கண்ணெதிரே உட்கார்ந்த நிலையில் ஒரு முழம் நகர முடியுமா என்பதுதானே உங்கள் சந்தேகம்? நியாயமான சந்தேகம். அதற்குச் சாட்சியும் கையோடு வைத்திருக்கிறேன்.

நான் வந்து உட்கார்ந்ததும் நீங்களே உங்கள் கையால் என் வலது முழங்காலை ஒட்டித் தேநீரை வைத்தீர்கள். கை எட்டுகிறது, போதும் என்று சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? அதற்குப் பிறகு நான் அதைத் தொடவில்லை. பேசிக்கொண்டே இருந்தேன், நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இப்போது கோப்பை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கையை நீட்டுகிறேன், எட்டவில்லை. நன்றாகப் பாருங்கள், இன்ஸ்பெக்டரம்மா. எழுதிக்கொள்ளுங்கள்.

என்ன, "அடடா, நாந்தான் தூரமா வெச்சுட்டேன் போல, மன்னிச்சுக்குங்கய்யா" என்கிறீர்கள்?

கோப்பையை எதற்கு என் பக்கம் நகர்த்துகிறீர்கள்?