பிள்ளைக் காம்பராவுக்கு வந்த கடிதங்கள்

பால்மா பையின் உட்பக்கம் வெள்ளித் தகடு மாதிரி மின்னும் என்பதை இந்தத் தேயிலைத் தோட்டத்தில் முதலில் கவனித்தவள் நான்தான், மிஸ். இருபது வருடமாகப் பிள்ளைக் காம்பராவில் தொட்டில் ஆட்டுகிறேன், பால் கரைக்கிறேன், பையை வெட்டி வெட்டிக் குப்பையில் போட்டேன். போன பெப்ரவரியில் நீங்கள் நலன்புரி அதிகாரியாக வந்து, தோட்டத்துப் பெண்களுக்கும் ஒரு பொழுதுபோக்கு வேண்டும் என்று எங்களை உட்கார வைத்து ஜங்க் ஜர்னல் சொல்லிக் கொடுத்த பிறகுதான் எனக்குக் கண் திறந்தது. பழைய கொப்பி ஒன்று, கத்தரிக்கோல், பசை, வீணாகப் போகும் கடதாசி, ஆரம்பிக்க இவ்வளவு போதும் என்றீர்கள். இதில் சரி பிழை கிடையாது, மனதுக்குப் பிடித்ததை ஒட்டுங்கள் என்றும் சொன்னீர்கள். உங்கள் மேல் பழி போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. கதவைச் சாத்திவிட்டு, "ஜீவராணி, ஏன் இப்படிச் செஞ்சீங்க" என்று கேட்டீர்கள் அல்லவா, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். பிள்ளைகள் இப்போதுதான் தூங்கினார்கள், மெதுவாகப் பேசுவோம்.

மற்றவர்கள் இரண்டு பக்கத்தோடு ஓய்ந்துபோனார்கள். தங்கம்மா தன் கொப்பியைக் கிழித்து அடுப்புப் பற்ற வைத்தாள். நான் விடவில்லை. தெரணியகலை பஸ் டிக்கட், தீப்பெட்டி மூடி, சவர்க்கார உறை, எல்லாவற்றையும் சேர்த்தேன். தேர்தல் நோட்டீஸில் ஒருவருடைய மீசையை மட்டும் வெட்டியெடுத்துப் பட்டாம்பூச்சி ஆக்கினேன். நீங்களே அதைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

ஆனால் தோட்டத்துக் குப்பையில் எவ்வளவு தினுசு இருந்துவிடப் போகிறது? அதே பால்மா பை, அதே பிஸ்கட் உறை. கை நமநமவென்று இருக்கும், ஒட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குத் தனித்தனி விலாசம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். எல்லாருக்கும் தோட்டத்தின் பேர்தான் விலாசம், கடிதம் எல்லாம் ஒப்பீசுக்கு வரும். ஒப்பீஸ் பியோன் சின்னத்தம்பி அண்ணனுக்கு முழங்கால் வலி, லயம் லயமாக ஏறி இறங்க மாட்டார். பிள்ளையை விடவும் கூட்டிப் போகவும் ஊரே இங்கே வருகிறது என்பதால் கட்டோடு என் மேசையில் வைத்துவிட்டு, "நீயே குடுத்துரு தாயி" என்று நடையைக் கட்டிவிடுவார். நானும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

முதலில் தபால் முத்திரையை மட்டும் வெட்டிக்கொண்டேன். பிறகு உறையை எடுத்துக்கொண்டு கடிதத்தைக் கொடுத்தேன். யாராவது உறையைத் தேடுவார்களா, சொல்லுங்கள். அப்புறம் தங்கம்மாவுக்கு அவள் தங்கச்சி வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வந்தது. பொன்னெழுத்தில் பிள்ளையார். ஒரு ஆள் குறைந்தால் கல்யாணம் நின்றுவிடாது என்று நினைத்தேன், நிற்கவும் இல்லை. அக்காவும் தங்கச்சியும் இப்போது முகம் பார்ப்பதில்லை. அது அவர்கள் குடும்ப விஷயம், நான் தலையிடுவதில்லை.

இனி ஷாமிளா. லயத்தில் எங்கள் பக்கத்துக் காம்பராப் பிள்ளை, இருபத்து மூன்று வயது. ஆசிரியர் உதவியாளர் வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு, நேர்முகத் தேர்வுக் கடிதம் வரும் வரும் என்று தினமும் பின்னேரம் இங்கே வந்து நிற்பாள். வந்தால் உடனே போக மாட்டாள். என் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகத் தடவித் தடவிப் பார்ப்பாள். "ஜீவாக்கா, ஒங்க கைல என்னமோ இருக்குக்கா" என்பாள். இருபது வருடத்தில் என் கையைப் பற்றி யாரும் பேசியது அதுதான் முதல் தடவை. வீட்டில் என் புருஷன் அந்தக் கொப்பியின் மேல் தேத்தண்ணிக் கோப்பை வைப்பார்.

கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. தடித்த வெள்ளைக் கடதாசி, தலையில் அரசாங்க முத்திரை. அந்த முத்திரையின் அழகுக்காகத்தான் எடுத்தேன். அப்படியானால் ஏன் முத்திரையைக் கவிழ்த்து ஒட்டினீர்கள் என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி, நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். வேலை கிடைத்தால் அவள் இரத்தினபுரிப் பக்கம் போய்விடுவாள், அப்புறம் பின்னேரத்தில் யார் வருவார்கள் என்று நான் பயந்ததாக மட்டும் எழுதிவிடாதீர்கள். நான் அவ்வளவு சின்ன மனுஷி இல்லை.

மறுநாள் ஷாமிளா வந்தாள். கொப்பியைப் புரட்டி, "இந்தப் பக்கம் ஏன்க்கா மொட்டையா இருக்கு?" என்று கேட்டாள்.

"உனக்காகத்தான் விட்டு வச்சிருக்கேன். நீயே ஏதாவது வரை" என்றேன்.

தேயிலைப் பூ வரைந்தாள். வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள். தன் கடிதத்தின் முதுகில்தான் வரைகிறோம் என்று அவளுக்குத் தெரியாது, பாவம். நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு அவ்வளவு கவனமாக வரைந்தாள். எழும்பும்போது, "இன்னைக்கும் ஒண்ணும் வரலையாக்கா?" என்றாள். "வரலம்மா" என்றேன். அது பொய்யில்லை. கடிதம் முதல் நாளே வந்துவிட்டது.

கூடப் படித்த ருவான்வெல்லைப் பிள்ளை நேர்முகத்துக்குப் போய் வேலையும் எடுத்துவிட்டாள் என்று கேள்விப்பட்ட அன்று, ஷாமிளா இந்த வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். அந்தக் கண்ணீர் நிஜம், மிஸ், வேண்டுமானால் இங்கே எனக்கு உதவிக்கு இருக்கும் ஆயாவிடம் கேளுங்கள். உங்களிடம் போய்ச் சொல்லும்படி அவளுக்குப் புத்தி சொன்னதே நான்தான். நீங்களும் கல்விக் கந்தோருக்கு எழுதி, இன்னொரு தேதி தருவதாகப் பதில் வாங்கினீர்கள். அவள் திரும்பவும் தினமும் வர ஆரம்பித்தாள்.

அந்த நேரம் பார்த்து நீங்கள் என் கொப்பியை இரத்தினபுரிக் கண்காட்சிக்குக் கொண்டுபோனீர்கள். எனக்கு முதல் பரிசு கிடைக்கும் என்று தெரியும். ஆனால் இரத்தினபுரி மழையைப் பற்றி நான் யோசிக்கவில்லை. ஈரத்தில் பசை இளகி, தேயிலைப் பூ எழும்பி, பின்னால் ஷாமிளாவின் பெயர் தெரிந்திருக்கிறது. நீங்கள் அதை வாசித்துவிட்டு நேரே பஸ் ஏறி வந்துவிட்டீர்கள். பரிசை யாருக்குக் கொடுத்தார்கள் என்று இன்னும் நீங்கள் சொல்லவில்லை.

ஆமாம், நான்தான் எடுத்தேன். ஒளிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். தங்கம்மாவின் பத்திரிகையும், இன்னும் ஒன்பது பேருடைய கடிதமும் அந்தக் கொப்பியில்தான் இருக்கின்றன. யாருடையது எந்தப் பக்கம் என்று நானே காட்டித் தருகிறேன். உங்களுக்குச் சிரமம் வேண்டாம்.

ஆனால் கொஞ்சம் முன்னால் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னீர்கள். "நடந்தது நடந்துருச்சு, அந்த ரெண்டாவது லெட்டர் வந்தாலாவது பத்திரமா அந்தப் பிள்ளை கையில குடுங்க" என்றீர்கள். அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. படித்த நீங்களே என்னை இப்படி நினைக்கலாமா? ஷாமிளாவை என் கூடப்பிறந்தவளாகத்தான் பார்க்கிறேன். அவளுக்கு ஒரு கெடுதல் வர விடுவேனா?

இரண்டாவது கடிதம் வந்துவிட்டது, மிஸ். நீங்கள் கண்காட்சிக்குப் போயிருந்த வாரமே வந்தது. கையில் கொப்பி இல்லை, புதிதாக ஒன்று ஆரம்பித்தேன். ஆரம்பிக்கும்போது முதல் பக்கம் நன்றாக அமைய வேண்டும் என்று நீங்கள்தான் சொல்லியிருக்கிறீர்கள். அதோ, அலுமாரியில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். இந்தத் தடவை நான் பசையே தொடவில்லை. முத்திரையையும் கவிழ்க்கவில்லை. சிவப்பு நூலால் ஓரத்தில் நாலே நாலு தையல் போட்டிருக்கிறேன், அவள் எதிர்காலமாயிற்றே என்று பார்த்துப் பார்த்துச் செய்தேன். நூலை அறுத்தால் ஒரு எழுத்துக்கூடச் சேதமாகாமல் கையோடு வந்துவிடும். அதில் போட்டிருந்த நேர்முகத் தேதி மட்டும் நேற்று.