படகு போன பிறகு வந்த புக்மார்க்

புக்மார்க் வைப்பதில் நான் கொஞ்சம் சுத்தக்காரன், சார். நான் வேலை பார்க்கும் காலடிப்பேட்டை பிரவுசிங் சென்டரில் என் கம்ப்யூட்டரைத் திறந்தால் ரயில் டிக்கெட் ஒரு ஃபோல்டர், பரீட்சை ரிசல்ட் ஒரு ஃபோல்டர், கடல் ஒரு ஃபோல்டர் என்று தனித்தனியாக இருக்கும். கடல் ஃபோல்டரில் ஒரே பக்கம்தான். நம் கரையில் இன்று அலை எவ்வளவு உயரம் எழும் என்று சொல்கிற பக்கம்.

அதை விடிகாலையில் பார்த்து, முகத்துவாரக்குப்பம் மீனவர் சங்கத்து மொட்டைமாடி மைக்கில் அறிவிப்பதுதான் உங்கள் தொண்டு நிறுவனம் எனக்குக் கொடுத்த வேலை. நானும் மீனவர் வீட்டுப் பிள்ளைதான். ஆனால் படகில் ஏறினால் குடல் வாய்க்கு வந்துவிடும். மைக்கைப் பிடித்த பிறகுதான் குப்பத்தில் என்னையும் ஒரு ஆளாக மதித்தார்கள்.

சென்டரில் ஒரு கம்ப்யூட்டர், சங்கத்தில் நீங்கள் கொடுத்தது ஒன்று, வீட்டில் ஒரு பழைய லேப்டாப். எங்கே வைத்தாலும் மூன்றிலும் அதே புக்மார்க் தெரியட்டும் என்று இணையத்திலிருந்து இலவசமாக ஒரு ஆட்-ஆன், பிரவுசரோடு ஒட்டிக்கொள்கிற குட்டி புரோகிராம், இறக்கிப் போட்டேன். அது சொன்ன பேச்சைக் கேட்காது. சென்டரில் வைத்தது சங்கத்துக்கு வராது. இங்கே அழித்தது அங்கிருந்து எழுந்து வரும். அந்தப் பக்கத்தின் முகவரி மாறும்போதெல்லாம் புதியதை வைப்பேன். அது பழையதைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கும்.

போன ஆடியில் அப்படித்தான் ஆனது. பழைய முகவரி திறந்து, எப்போதோ முடிந்துபோன எச்சரிக்கையைக் காட்டியது. தேதியைப் பார்க்காமல் மைக்கில் படித்துவிட்டேன். கடல் அன்றைக்குக் குளமாகக் கிடந்தது. எல்லாரும் கரையில் உட்கார்ந்திருக்க, திருமலை மட்டும் போய் வலை நிறைய வஞ்சிரத்தோடு திரும்பினான். அதில் ஒன்றை என் வாசலில் வீசி, "ஜோசியரே, கொழம்பு வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஆட்-ஆன் செய்த கோளாறு என்று விளக்கிப் பார்த்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சிரித்தார்கள். கம்ப்யூட்டர் அவர்களுக்குப் பொட்டி; அன்றிலிருந்து என் பெயர் பொட்டி ஜோசியர். என் மனைவி மலர்க்கொடி அந்த மீனைக் குழம்பு வைத்தாள். நானும் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இனி, போன வாரம் நடந்தது. முகவரி மறுபடி மாறியதால் சென்டரில் நான் வைத்த புது புக்மார்க் சங்கத்துக் கம்ப்யூட்டருக்கு வரத் தாமதமானது, அதற்குள் திருமலை படகை எடுத்துவிட்டான், வந்ததும் நான் மைக்கில் சொல்லி மற்றப் படகுகளை நிறுத்தினேன் என்று ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறீர்கள். திரும்பும்போது முகத்துவாரத்தில் அலை படகைப் புரட்டிப் போட்டது. திருமலையின் உடல் கரை ஒதுங்கியது. அவன் மச்சான் டில்லிபாபு இன்னும் கிடைக்கவில்லை.

இந்த முறை எல்லாரும் ஆட்-ஆனைத்தான் திட்டினார்கள். மற்றவர்களைக் காப்பாற்றியவன் என்று எனக்கு ஒரு பேரும் வந்தது. திருமலையின் மனைவி அங்கம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீ இன்னா பண்ணுவ நைனா. அந்தப் பாழாப்போன பொட்டி கொஞ்சம் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா." புருஷனையும் தம்பியையும் ஒன்றாகப் பறிகொடுத்தவள் எனக்கு ஆறுதல் சொல்கிறாள். அந்தக் கையை நான் விலக்கவும் இல்லை. அன்றிலிருந்து சோறு இறங்க மறுக்கிறது, சார்.

கம்ப்யூட்டர்ப் பெட்டியே வேண்டாம் என்று சங்கம் தீர்மானம் போட்டுவிட்டது. நீங்களும் அதை ஏற்றிப்போக வண்டியோடு வந்துவிட்டீர்கள். அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

திருமலை என் அறிவிப்புக்காக ஒருநாளும் நின்றவனில்லை. அன்றைக்குச் சங்கத்து வாசலுக்கே வந்தான். டில்லிபாபுவுக்கு கண்டெய்னர் யார்டில் வேலை போய்விட்டது, கடலுக்குப் புதுசு. கேட்டுவிட்டுப் போ என்று அங்கம்மா அனுப்பியிருக்கிறாள். "பொட்டி இன்னா சொல்லுது நைனா? மச்சான மொத தபா இட்டுகினு போறேன். நீ வேணான்னா போவல" என்றான்.

அந்த வார்த்தைக்காகத்தான் அத்தனை நாள் ஏங்கிக் கிடந்தேன். கேட்டதும் சந்தோஷம் வரவில்லை. வாசலில் விழுந்த வஞ்சிரம்தான் கண்ணில் நின்றது.

"புக்மார்க் இன்னும் வர்ல. தண்ணி அமைதியாத்தான் கீது, போய்ட்டு வா" என்றேன்.

புக்மார்க் வந்திருந்தது, சார். பக்கம் என் முன்னால் திறந்தே இருந்தது. மதியத்துக்குள் அலை ஆளுயரத்துக்கு மேல் எழும், சிறு படகுகள் போகக் கூடாது என்று போட்டிருந்தது. தேதியையும் பார்த்தேன். அன்றைய தேதிதான். அவன் படகு முகத்துவாரத்தைத் தாண்டி மறையும்வரை மொட்டைமாடியில் நின்றேன். அப்புறம்தான் மைக்கைப் போட்டேன்.

நனைந்து, பயந்து திரும்பி வருவான், இனி என்னைக் கேட்காமல் போக மாட்டான் என்றுதான் நினைத்தேன். டில்லிபாபுவுக்கு நீச்சல் தெரியாது என்பது எனக்குத் தெரியும். அதை நினைக்காமல் இருந்துவிட்டேன்.

ரிப்போர்ட்டை மாற்றி எழுதுங்கள். போலீஸிடம் கொடுங்கள், நான் மறுக்க மாட்டேன். பெட்டியை மட்டும் வண்டியிலிருந்து இறக்கி வைத்துவிடுங்கள். இத்தனை குடும்பம் குருட்டாம்போக்கில் கடலுக்குப் போகக் கூடாது. அறிவிப்புக்கு வேறு ஆள் தேடி நீங்கள் அலையவும் வேண்டாம். இந்தக் குப்பத்தில் இப்போது எல்லாரும் என் குரலைத்தான் நம்புகிறார்கள்.