ஜோடி அக்காவின் நாற்காலி

மேடையில் வீற்றிருக்கும் நிர்வாகி அவர்களே, இயந்திரப் பிரிவின் தோழர்களே, மடிப்புப் பிரிவின் சகோதரிகளே, முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் அக்காவின் கணவரே, மகளே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

இந்த இரங்கல் கூட்டத்தில் எனக்கு ஐந்து நிமிடம் என்று சீட்டில் எழுதித் தந்திருக்கிறார்கள். இங்கே வந்ததிலிருந்து மூன்று முறை எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன், பார்த்திருப்பீர்கள். தாகமெல்லாம் இல்லை. உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

யார் நம் ஜோடி அக்கா? மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிறார்களே ஓர் ஆங்கிலத் தாள், பெட்டியைத் திறந்ததும் நாம் கசக்கி எறிவோமே, அந்தத் தாளை இந்த அச்சகத்தில் முப்பது வருடம் எழுத்தெழுத்தாகப் படித்தவர்! நாம் கசக்கியதை எல்லாம் அவர் முன்பே படித்திருந்தார். அதில் இருபத்திரண்டு வருடம் நான் அவரோடு வேலை பார்த்தேன். என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவர். ஆனாலும் அக்கா என்றால் அக்காதான்.

ஜோடி என்று ஏன் பெயர் வந்தது? ஆங்கில வாக்கியம் ஒன்று நேராகப் போய்க்கொண்டிருக்கும்; நடுவில் இரண்டு சொல் குறுக்கே புகும். 'மை பிரதர், ஐ திங்க், இஸ் லேட்.' அந்த 'ஐ திங்க்' மேல் அக்கா விரலை வைத்து மறைப்பார்.

"மிச்சத்தைப் படி. தானா நிக்குதா?"

"நிக்குதுக்கா."

"அப்போ உள்ளே வர்றப்போ ஒரு கமா, வெளியே போறப்போ ஒரு கமா. இங்கே ஒண்ணுதானே இருக்கு? ஜோடி எங்கே?"

ஒரு நாளைக்கு நாற்பது தடவை 'ஜோடி எங்கே?' என்று கேட்டால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்!

ஆனால் கண்ட இடத்தில் கமா போடுகிறவர் இல்லை. இயந்திரப் பிரிவின் பெரியவருக்கு நினைவிருக்கும். ஆஸ்துமா உள்ள நோயாளிகள் இந்த மாத்திரையைச் சாப்பிடக் கூடாது என்று ஒரு வரி. 'பேஷன்ட்ஸ்' என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் 'ஹூ ஹேவ் ஆஸ்துமா' என்பதற்கு இரண்டு பக்கமும் யாரோ அழகாகக் கமா போட்டுவிட்டார்கள். இயந்திரம் ஓடத் தொடங்கிவிட்டது. அக்கா செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

"நிறுத்துங்க! விரலை வச்சு மறைச்சுப் பாருங்க. நோயாளி யாருமே சாப்பிடக் கூடாதுன்னு ஆகுது. ஊருக்கே மருந்தை நிறுத்திட்டீங்களேய்யா!"

எந்த நோயாளி என்று சொல்வதற்கே அந்தச் சொற்கள் வேண்டும். எடுத்தால் வாக்கியம் வேறு கதை பேசும். அங்கே கமா கூடாது. பெரியவர் திட்டிக்கொண்டேதான் இயந்திரத்தை நிறுத்தினார். ஆனால் நிறுத்தினார்!

எங்கள் மேசைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் உரக்கப் படிப்பார். மற்றவர் வாடிக்கையாளர் ஒப்புதல் தந்த மூலத்தைப் பார்ப்பார். குறுக்குச் சொல் தொடங்கும் கமாவுக்குப் படிப்பவர் மேசையில் ஒரு தட்டு. அது முடியும் கமாவுக்குப் பார்ப்பவர் ஒரு தட்டு. முடிந்ததும் இருவரும் தாளின் ஓரத்தில் சுருக்கமாகக் கையெழுத்துப் போடுவோம். "காலையிலேயே கச்சேரியா?" என்று மடிப்புப் பிரிவில் கேலி செய்வீர்கள். இந்த ஐந்து நாளாக நான் தட்டினால் எதிரே பதில் இல்லை. என் கை தட்டிவிட்டுக் காத்துக்கொண்டே இருக்கிறது.

வாசலில் ஒட்டியிருக்கும் ஆங்கில அறிவிப்பைப் பார்த்தீர்களா? அக்காவின் பெயருக்குப் பின் கமா இருக்கிறது. 'லேபிள் பிரிவு ஊழியர்' என்பதற்குப் பின் கமா இல்லாமல் இருந்தது. காலையில் பேனாவை எடுத்து நானே போட்டேன். போட்ட பிறகும் அங்கிருந்து நகர முடியவில்லை. கமா இரண்டும் சரி. நடுவில் இருப்பது பொய்.

தலைமை மெய்ப்புத் திருத்துநராக இருந்தவர் எப்படி லேபிள் பிரிவு ஊழியர் ஆனார்? உங்களில் பாதிப் பேருக்கு ஒரு பதில் தெரியும். பதினொரு வருடத்துக்கு முன் ஒரு தாளில் ஒரு கமா விட்டுப்போனது. ஒப்புதல் தந்த மூலத்திலிருந்து ஒரு புள்ளி மாறினாலும் ஏற்க மாட்டோம் என்பது வாடிக்கையாளரின் நிபந்தனை. கட்டுக்கட்டாக எல்லாம் திரும்பி வந்தன. தாளின் ஓரத்தில் என் கையெழுத்தோடு அக்காவின் கையெழுத்தும் இருந்தது; தலைமை என்பதால் பொறுப்பு அவர் மேல் விழுந்தது. மாடிப்படிக்குக் கீழே லேபிள் மேசைக்கு அவரை அனுப்பினார்கள். அவருடைய நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். அதன் பிறகு தட்டுவதற்கு மட்டும் மாடியேறி வந்து என் எதிரே உட்காருவார்.

நிர்வாகி அவர்களே, சீட்டு அனுப்பாதீர்கள், இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தக் கையெழுத்து அக்கா போட்டதல்ல. நான் போட்டது!

அன்று நண்பகலில் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்து அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். வேறொருவரைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்க வேண்டும். எனக்கு அவசரம். நானே படித்தேன், நானே பார்த்தேன். இரண்டு தட்டையும் என் ஒரு கையாலேயே தட்டிக்கொண்டேன். என் பெயரும் போட்டு, அவர் பெயரும் போட்டேன்.

விசாரணையில் தாளை அவர் முன் நீட்டினார்கள். பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "என் கையெழுத்துதான் சார்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. எல்லோர் தப்பையும் கண்டுபிடித்துத் தந்தவர், என் தப்பை மட்டும் தன் பெயரில் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்து, "ஏன்க்கா?" என்றேன்.

"கள்ளக் கையெழுத்துன்னா உன்னை வாசலோட அனுப்பிடுவாங்க. எனக்கு நாற்காலிதானே போகுது? ஆனா ஒருநாள் நீயே சொல்லிடு. எப்போன்னு நான் கேக்க மாட்டேன்."

கேட்கவே இல்லை! ஒரு தடவையாவது கேட்டிருந்தால் கோபப்பட்டிருப்பேன், கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். பதினொரு வருடம் எதிரே உட்கார்ந்து தட்டினாரே தவிர, கேட்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நான் இருந்துவிட்டேன். அவருக்கு நாளை தீர்ந்துவிட்டது.

இதோ, எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திட்ட கடிதம். இந்தக் கையெழுத்து என்னுடையதுதான். நிர்வாகி அவர்கள் என்ன முடிவு எடுத்தாலும் எனக்குச் சம்மதம். ஒன்றே ஒன்று கேட்கிறேன்: வாசலில் இருக்கும் அறிவிப்பைக் கிழித்துவிட்டுத் தலைமை மெய்ப்புத் திருத்துநர் என்று அடித்து ஒட்டுங்கள். அந்த நாற்காலியில் இனி நான் உட்கார மாட்டேன். தோழர்களே, இனி இந்த அச்சகத்தில் ஒரு தாளும் ஒற்றைக் கையால் தட்டப்பட்டு வெளியே போகாது. அப்படிப் போகிறதென்று தெரிந்தால், யார் சொன்னாலும் சரி, இயந்திரத்தை நிறுத்துவோம். அக்கா செய்த வேலையை அப்படித்தான் தொடர முடியும்.

மகளே, கொஞ்சம் இந்தப் பக்கம் பாரும்மா. அம்மாவைக் கொண்டுபோன அன்று வாசலில் நின்று என்னைக் கேட்டாய்: "மாமா, நெஜமாவே அம்மா அப்படி ஒரு தப்பு பண்ணாங்களா?" நான் என்ன சொன்னேன்? "தப்பு எல்லாருக்கும் வரும்மா" என்றேன். அன்றும் நான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லவில்லை.

இப்போது சொல்கிறேன். அம்மா பண்ணலம்மா. மாமாதான் பண்ணேன். அந்த மேசையில் அம்மா அன்று இல்லவே இல்லை. காய்ச்சலில் கிடந்த உன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, வீட்டில் உன் பக்கத்தில் இருந்தார்.