டில்லிக்கு எட்டாவது ஊசி

கொஞ்சம் இருங்க டாக்டரம்மா, அந்த ஊசியக் கீழ வைங்க. ஒரு வாய் டீ குடிக்கிறதுக்குள்ள டில்லி எங்கயும் ஓடிட மாட்டா. பத்தொன்பது வயசுக் குதிரை, பீப்பாயாட்டம் நிக்கிறா, எங்க ஓடுவா? நீங்க உக்கார மாட்டீங்களா? சரி, நின்னுக்கிட்டே குடிங்க. ரொட்டி இருக்கு, காலையிலதான் சுட்டேன். அடி கருகிடுச்சு. அதச் சுரண்டிட்டுச் சாப்பிடுங்க.

வண்டிய விட்டு இறங்கும்போது என்னமோ சொன்னீங்களே, மறுபடி சொல்லுங்க. இன்னிக்கும் தைராய்டு கம்மின்னு வந்தா டப்ளின் பக்கம் பெரிய குதிரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். அதான? மூணு வாரம் அங்கயே வச்சுப் பார்ப்பாங்க. ஏழு மாசம், ஏழு தடவை ரத்தம், ஏழும் கம்மி, இனிமே உங்க கையில இல்ல. அட, உங்க மேல கோவமில்லம்மா. என் குரலே இப்படித்தான். சந்தையில நாப்பது வருஷம் கத்திக் கத்திக் குதிரை வித்த குரல், வீட்டுக்குள்ள வந்தாலும் இறங்க மாட்டேங்குது.

மூணு வாரமாம். இந்த வயசுல அவள லாரில ஏத்தி, தெரியாத கொட்டில்ல கட்டி... திரும்பி வருவாளா? சொல்லுங்க, நிச்சயமா வருவாளா? பார்த்தீங்களா, டீயக் குடிக்கிறீங்க.

போன வாரம் நான் யாரோட பேசினேன்னு கேளுங்க. ரேடியோவுல வானிலை சொல்ற பொண்ணோட. மழை வரும்னா. தெரியும் போடின்னேன். அவ்வளவுதான் வாரம் முழுக்க. தபால்காரன் முந்தியெல்லாம் கதவு வரைக்கும் வருவான். வாசல் கேட்டச் சரியா சாத்தலன்னு ஒருநாள் நாலு வார்த்தை சொன்னேன். சரி, நாலு இல்ல, நாப்பது. இப்பக் கடுதாசியெல்லாம் ரோட்டு முனைப் பெட்டியில கிடந்து ஊறுது.

அந்த மேட்டுல புகை தெரியுதே, அது என் தம்பி கோல்மன் வீடு. கூப்பிட்டாக் கேக்கும். ஒன்பது வருஷமா கூப்பிடல. கிளிஃப்டன் ஊருக்குள்ள யாரும் உங்ககிட்டச் சொல்லலயா? ஆச்சரியமா இருக்கே, அவனுங்களுக்கு வேற வேலை ஏது?

ஒரு செம்பழுப்புக் குதிரைய அவனுக்கு வித்தேன். முன்கால்ல நொண்டி. விக்கிறதுக்கு நாலு நாள் முன்ன இருந்து தீவனத்துல பியூட்டுப் பொடியக் கலந்தேன். அதேதான், வலிக்கும் வீக்கத்துக்கும் நீங்கல்லாம் எழுதிக் குடுக்கிற வெள்ளைப் பொடி. நொண்டி போன இடம் தெரியல, மாப்பிள்ளையாட்டம் நடந்துச்சு. அவன் ஏத்த, நான் இறக்க, ரெண்டு பேரும் பாதியில நின்னுட்டோம். அப்புறம் வழக்கம்போல ஒருத்தன் நடுவுல பூந்து, எங்க ரெண்டு பேர் கையையும் பிடிச்சு இழுத்துச் சேர்த்து வச்சான். உள்ளங்கையில துப்பி ஓங்கி அடிச்சோம், முடிஞ்சது யாவாரம். ஒரே வாரத்துல பொடியோட வேலை தீர்ந்துச்சு, குதிரை மூணு கால்ல நிக்குது. ஏன் பார்ட்லி, சொந்தத் தம்பிக்கேவான்னு வந்து கேட்டான். சந்தையில என்னடா தம்பின்னுட்டேன். குதிரைக்குக் கோவிச்சுக்கல அவன். இதுக்குத்தான்.

ஏன் இதச் சொல்றேன்னா, அந்தப் பொடி டப்பா இன்னும் இருக்கு. அந்த அலமாரில, ஓட்ஸுக்குப் பின்னால.

மொத நாள் வந்தப்பக் கேட்டீங்களே, வேற மருந்து ஏதாவது குடுக்கிறீங்களான்னு? இல்லன்னேன். அது யோசிச்சுச் சொன்ன பொய் இல்லம்மா. குதிரை யாவாரிகிட்ட ஒரு டாக்டர் அந்தக் கேள்வியக் கேட்டா, கண்ணுல தூசி பட்ட மாதிரி வாய் தானா இல்லன்னு மூடிக்கும். அப்ப மே மாசம். பச்சப் புல்ல மேஞ்சுட்டு டில்லிக்குக் குளம்புல வலி. பத்து நாளா பொடி போய்க்கிட்டிருந்துச்சு. பெருத்துட்டா, மந்தமா இருக்கான்னு நீங்க ரத்தம் எடுத்தீங்க, கம்மின்னு வந்துச்சு. மருந்து குடுக்க அவசரப்பட வேண்டாம், அடுத்த மாசம் மறுபடி பார்ப்போம்னீங்க.

கோப்பையக் கீழ வைக்காதீங்க. இன்னும் முடிக்கல.

ஜூலைல நீங்க லீவுல போனீங்கல்ல, உங்க இடத்துக்கு ஒரு போர்ச்சுகல்காரப் பொண்ணு வந்துச்சு. எவனோ வீட்டுப் பசுவுக்குக் கன்னு வரலன்னு போறவ, வழி கேக்க இங்க நுழைஞ்சா. எனக்குத்தான் ஆள் கிடைச்சா விட மாட்டேனே, டில்லி தைராய்டப் பத்திக் கொட்டித் தீர்த்தேன். அவ வாளி விளிம்புல ஒட்டியிருந்த வெள்ளையத் தொட்டுப் பார்த்தா. சிரிச்சா. இதத் தின்னுட்டு நிக்கிற குதிரைக்கு ரத்தம் எடுத்தா அந்த அளவு கம்மியாத்தான் காட்டும் தாத்தா, தைராய்டு நல்லாவே இருக்கும், ரெண்டு வாரம் நிறுத்திட்டு எடுக்கச் சொல்லுங்க, உங்க பேரச் சொல்லி, ஓர்லா டாக்டர்கிட்ட நீங்களே சொல்லிடுங்கன்னா. சொல்றேன்னேன்.

சொல்லல.

குளம்பு வலி அந்த மாசத்தோட போயிடுச்சு. அதுல இருந்து மாசத்துல மூணு வாரம் அவளுக்கு ஒண்ணும் குடுக்கிறதில்ல. நீங்க வர்ற வாரம் மட்டும் தினம் ஒரு கரண்டி. நேத்து ராத்திரியும் குடுத்தேன். அதனால அந்த ஊசி வேஸ்டு, குத்தாதீங்க பாவம். இன்னிக்கும் கம்மியாத்தான் வரும்.

கத்துங்க. நல்லா கத்துங்க. வயித்துல புண் வரும், கிட்னி போகும், எல்லாம் தெரியும், தெரிஞ்சேதான் செஞ்சேன். இன்னும் ரெண்டு கத்து கத்துங்க. இந்த வீட்டுல என் குரல் இல்லாம இன்னொரு குரல் ஏறினது எப்பன்னே ஞாபகமில்ல.

ஏன் செஞ்சேன்னா கேக்கறீங்க? ரத்தம் சரின்னு வந்துட்டா அடுத்த மாசம் எதுக்கு வருவீங்க?

டப்பாவ எடுத்துட்டுப் போயிடுங்க. ரெண்டு வாரம் கழிச்சு வந்து ரத்தம் எடுங்க, எல்லாம் சரியா இருக்கும். அவ இங்கயே இருக்கட்டும். அதுக்கப்புறம் மாசம் ஒரு தடவை. குதிரைக்கு இல்ல, சும்மா, ரொட்டி கருகியிருக்கான்னு பாக்க. என்ன, தலைய ஆட்டுறீங்க? சரி, ரெண்டு மாசத்துக்கு ஒண்ணு. கிறிஸ்துமஸ் தனி. கேட்டுக்கோங்க, நான் பாட்டுக்கு இறங்கிக்கிட்டே வர்றேன், என் ஆயுசுல எவனுக்கும் இப்படி இறங்கினதில்ல. மூணு மாசம். போதுமா?

கையச் சேர்த்து வைக்க நடுவுல ஆள் இல்லம்மா. நீங்களாத்தான் நீட்டணும். துப்பல, பயப்படாதீங்க. இப்பத்தான் சோப்புப் போட்டுக் கழுவினேன்.