பழக்காத சுங்கான்

புகை பிடிக்கிற சுங்கான் செய்வதற்குக் காப்பிக் கட்டையை அடித்துக்கொள்ள வேறு கட்டை கிடையாது. ஏரிக்கரைக் கடைகளில் வார்னிஷ் பூசி வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்களே, அவற்றில் புகையிலை வைத்து இரண்டு இழுப்பு இழுத்தால் வாய்க்குள் வார்னிஷ் நாற்றம்தான் வரும். அதெல்லாம் மலையைச் சுற்றிப் பார்க்க வந்து, ஊருக்குத் திரும்பிப் போய்க் கண்ணாடி அலமாரியில் வைக்கிறவர்களுக்கு. உங்கள் மேஜைமேலும் ஒன்று இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், ஐயா, உங்களையும் ஏமாற்றிவிட்டார்கள்.

நான் மஞ்சக்குட்டை ஐயாக்கண்ணு. நாகலூரில் கடை வைத்திருக்கும் ஷேக் தாவூத் பாயை நேற்றிலிருந்து ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவர் கொடுத்த புகையிலையைப் பிடித்துத்தான் என் அண்ணன் வெள்ளையன் செத்துப்போனார் என்று அண்ணன் மகள் அத்தாயி உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அந்தப் புகையிலையில் ஒரு குற்றமும் இல்லை. பாயை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், மீதியை நான் சொல்கிறேன். அவசரப்படாமல் கேட்டால் எல்லாம் நியாயமாகவே படும்.

அண்ணன் விழுந்தது எண்பத்திரண்டாம் வருஷத்தில். மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி ஏறியவர், ஏணி வழுக்கி, கழுத்தும் இடுப்பும் பாறையில் அடிபட விழுந்தார். அதில் என் கை இல்லை. அந்த நேரம் நான் பக்கத்து ஊர் வெள்ளக்கடையில் சீட்டாடிக்கொண்டிருந்தேன். அதுவரை என்னை ஊரில் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. வெள்ளையன் தம்பி என்பார்கள், அவ்வளவுதான். என் பெண்டாட்டி பொன்னாயி ஒரு மழைக்காலம்கூட என்னோடு தாக்குப்பிடிக்காமல் தாய்வீடு போனவள், திரும்பவேயில்லை. சாமைக்காடு, காப்பி, ஆரஞ்சு எல்லாவற்றையும் அண்ணன் பார்த்தார், நான் உட்கார்ந்து தின்றேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை, பிறகு நான் மாறிவிட்டேன்.

அண்ணன் படுக்கையில் விழுந்த பிறகுதான் நான் மனிதனானேன். அண்ணியும் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால் எல்லாம் என் தலையில். குளிப்பாட்டினேன், களியைக் கரைத்து ஊட்டினேன், மலமூத்திரம் அள்ளினேன். புரட்டிப் புரட்டிப் படுக்க வைத்ததில் முதுகில் ஒரு புண் வந்ததில்லை. அவருக்கு விரல் பிடிப்பு தளர்ந்துவிட்டதால் சுங்கானில் புகையிலை வைத்து, கங்கு எடுத்துப் போட்டு, வாயருகே நானே பிடித்துக்கொள்வேன். அந்த ஒரு சுகம்தான் அவருக்கு மிச்சம்.

ஊர் பார்த்துக்கொண்டுதானே இருந்தது. பஸ்ஸில் எனக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். திருவிழாவில் பூசாரி என்னைத் தேடி வந்து திருநீறு பூசினார். எஸ்டேட் ரைட்டர் மாதேஸ்வரன் தன் மகன்களை நிறுத்தி வைத்து என்னைக் காட்டிப் பேசினார். தாவூத் பாய் வாரம் தவறாமல் புகையிலையோடு வீட்டுக்கே வருவார்.

"ஏனுங்க ஐயாக்கண்ணு, கூடப் பொறந்தவன்னா உங்களாட்ட இருக்கோணுங்க. எங்கூட்டுக்காரி ஹலீமாவுக்குத் தெனமும் உங்களப் பத்தித்தான் பேச்சு," என்பார்.

கேட்க நன்றாக இருக்கும். யாருக்குத்தான் இருக்காது?

சேலத்து டாக்டர் ஒருவர் ஆரம்பத்திலேயே ஒரு யோசனை சொல்லியிருந்தார். நரம்பு அறுந்துபோகவில்லை, விட்டத்தில் கயிறு கட்டி, காலையும் மாலையும் அதைப் பிடித்து இழுத்து எழுந்து உட்காரப் பழகினால் ஒருநாள் ஊன்றுகோல் வைத்தாவது நடந்துவிடுவார் என்றார். கயிறு கட்டினேன். அண்ணன் இழுத்தபோது வலியில் முகம் கோணிப்போயிற்று. எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. கொஞ்ச நாளில் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். ஏன் என்று அண்ணன் கேட்டார். டாக்டரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றேன். கயிறு ஆடு கட்ட உதவிற்று.

இப்படியே காலம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அத்தாயி ஈரோட்டில் வாழ்க்கைப்பட்டவள், அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. எப்போதாவது வந்தால் அழுதுவிட்டு மறுநாள் போய்விடுவாள். இந்த வருஷம் காப்பிப் பழம் எடுக்கும் சமயத்தில் நீண்ட லீவு போட்டு வந்தாள். வந்தவள் அப்பனின் உள்ளங்காலைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"வெரலு அசையுதுங்க சித்தப்பா. இத்தன வருசமா ஒரு கயிறு கட்டிப் பழக்கியிருந்தா இந்நேரம் நடந்திருப்பாருங்களே."

"டாக்டரு வேண்டாமுன்னாரு கண்ணு."

"எந்த டாக்டருங்க?" என்றாள். நான் ஆட்டுக்குத் தழை போட வெளியே போய்விட்டேன்.

அவள் கயிறு கட்டினாள். அப்பன் முகம் கோணினாலும் விடவில்லை, நொம்ப அழுத்தக்காரி. மார்கழிப் பனி விடுவதற்குள் அண்ணன் சாய்மானம் இல்லாமல் உட்கார்ந்தார். ஒருநாள் காலையில் நான் வழக்கம்போல் சுங்கானை அவர் வாயருகே கொண்டுபோனேன். அவர் கையை நீட்டி, என் கையிலிருந்து அதை வாங்கித் தானே பிடித்துக்கொண்டார். அத்தாயி சிரித்தாள். நானும் சிரித்தேன். என் கை கொஞ்ச நேரம் அப்படியே நீட்டியபடி இருந்தது.

ஜனங்கள் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் எல்லாம் அத்தாயியின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "பொண்ணு கெட்டிக்காரிங்க," என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போனார் ரைட்டர். அவளோ அப்பனை ஈரோட்டுக்குக் கூட்டிப்போவதாக நாள் குறித்துவிட்டாள். அண்ணன் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"நடந்தே திரும்பி வாரேன் கண்ணு. நீயும் எத்தன நாளைக்கு எனக்கு மூத்திரம் அள்ளுவ. இனிமேலாச்சும் உம் பொழப்பப் பாரு."

என் பிழைப்பைப் பார்க்க வேண்டுமாம். என் பிழைப்பே அவர்தான் என்பது அந்த மனுஷனுக்குத் தெரியவில்லை. ஐயா, எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் என் கவலை எனக்காக அல்ல. ஈரோட்டு வெயில் மலையில் பிறந்த உடம்புக்கு ஆகுமா? மருமகன் வீட்டுச் சோறு எத்தனை நாள் இனிக்கும்? அவர் சீரழிவதைப் பார்க்க நான் பக்கத்தில்கூட இருக்கமாட்டேன். இதையெல்லாம் யோசித்துத்தான் புதுச் சுங்கான் ஒன்று செய்து கொடுப்பதென்று முடிவு செய்தேன்.

வேலை ஒன்றும் பெரியதில்லை. பட்டுப்போன காப்பிச் செடியின் வேர்முண்டைத் தோண்டி எடுத்து, பரணில் போட்டு நன்றாக உலரவிட வேண்டும். கொடுவாளால் உருவம் கட்டி, கத்தியால் செதுக்க வேண்டும். நடுவில் கங்கு வைத்து ஊதி, கருகியதை ஆணியால் சுரண்டிச் சுரண்டிக் குழி எடுப்போம். குடைக்கம்பியைப் பழுக்கக் காய்ச்சிப் பக்கவாட்டில் துளை போட்டு, ஓடைக்கரை மூங்கில் குச்சியைக் குழலாகச் செருகி, சொரசொரத்த அத்தி இலையால் தேய்த்துத் தேன்மெழுகு பூசினால் முடிந்தது. அதற்குப் பிறகுதான் முக்கியமான காரியம். எங்கள் வகையறாவில் புதுச் சுங்கானை அப்படியே யாருக்கும் கொடுக்கமாட்டோம். செய்தவன் தன் வாயாலேயே சில நாள் பிடித்து, கட்டையின் கசப்பு போன பிறகுதான் அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். பழக்குவது என்று இதற்குப் பேர். பழக்காமல் கொடுப்பது எச்சில் சோறு போடுவதைவிடக் கேவலம்.

இந்த முறை நான் காப்பிக் கட்டையை எடுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் சுள்ளியாகக்கூட அடுப்பில் வைக்காத மரம் ஒன்று உண்டு. பேரைச் சொல்லமாட்டேன், நாளைக்கு வேறொருவன் அதைத் தேடிப் போகக் கூடாது. அதைத்தான் வெட்டி வந்து செதுக்கினேன். குழலும் அதிலேயே எடுத்தேன். கங்கு வைத்துக் குழி எடுத்தபோது முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டேன், அப்படியும் தலை சுற்றியது. அழகாக வந்திருந்தது, அதை மறைப்பானேன். நான் செய்த சுங்கான்களிலேயே அதுதான் அழகு. பழக்கவில்லை.

காலை பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் தாவூத் பாய் வழியனுப்ப வந்து, நல்ல புகையிலையாக ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனார். நான் சுங்கானை எடுத்து நீட்டினேன். அண்ணன் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பழக்கிட்டயா கண்ணு?"

"பழக்கிட்டனுங்கண்ணா."

அவரே புகையிலை வைத்தார், அவரே கங்கு போட்டார். நாலைந்து இழுப்புக்குப் பிறகு நிறுத்தினார்.

"கசக்குது."

"புதுக் கட்டைங்கண்ணா, அப்படித்தானுங்க இருக்கும்."

"நீ பழக்குனது கசக்காதே," என்றார். என் முகத்தையே பார்த்தார். பிறகு சுங்கானை மறுபடியும் வாயில் வைத்து, புகையிலை தீரும்வரை பிடித்தார். பாதியில் வைத்துவிட்டால் நான் சங்கடப்படுவேன் என்று நினைத்திருப்பார். என் மனசு அவருக்கு அவ்வளவு பெரிது.

விடியுமுன் வாந்தி, பிறகு நெஞ்சு அடைத்துக்கொண்டது. பஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. நான்தான் மடியில் போட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் அவருக்குக் கை தூக்க முடியவில்லை, தண்ணீரை நானேதான் ஊட்டினேன்.

அத்தாயி ஆஸ்பத்திரியில் பலதும் பார்த்தவள், அடக்கம் முடிந்த பிறகு யோசித்துச் சந்தேகப்பட்டாள். களி எல்லோரும் தின்ற களி. சுங்கான் சித்தப்பா பழக்கியது, அதில் விஷம் இருந்தால் சித்தப்பா அல்லவா முதலில் செத்திருக்க வேண்டும்? மிச்சம் பாய் கொடுத்த புகையிலைதான். எங்கள் பெண் வேறெப்படி நினைப்பாள்? சித்தப்பா கையால் செய்தது என்று அவளேதான் அந்தச் சுங்கானை அப்பன் தலைமாட்டில் வைத்து மண் தள்ளினாள். தோண்டினால் அங்கே இருக்கும்.

ஹலீமாம்மா நேற்று பிள்ளைகளோடு என் வாசலில் வந்து நின்றார். "நீங்க சொன்னா கேப்பாங்க, உங்க வார்த்தைக்கு இந்த மலையில மதிப்பு இருக்குதுங்க," என்றார். அவர் சொன்னது உண்மைதானே. அதனால்தான் வந்தேன்.

அண்ணனை நான்தான் கொன்றேன். அதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. இப்போது வீட்டில் கட்டில் காலியாகக் கிடக்கிறது, எழுந்தால் என்ன செய்வதென்றே தெரியவில்லை. நீங்கள் பெரிய மனசு பண்ணி ஒரு உதவி செய்ய வேண்டும். ஜெயிலில் வயசாகிப் படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்கள் இருப்பார்கள். பார்க்கச் சொந்தபந்தம் யாரும் வராத ஒருவர் பக்கத்தில் என்னைப் போடச் சொல்லுங்கள். இனி எழுந்திருக்கவே மாட்டார் என்று டாக்டர் கைவிட்டவராக இருந்தால் நல்லது. நான் நன்றாகப் பார்த்துக்கொள்வேன்.